பையன் சட்டை: காலர் கோணுகிறதா, கை சுருங்குகிறதா? எதைப் பிரிப்பது, எதை விட்டுவிடுவது

பேட்டர்ன் வைத்து வெட்டித் தைத்த சட்டையில் கோளாறு கண்ணில் படும் இடம் ஒன்று, அது பிறந்த இடம் வேறு. காலர் ஒரு பக்கம் இழுக்கிறது என்று காலரைப் பிரித்து மறுபடி வைத்தால் அதே இழுப்போடுதான் வந்து உட்காரும். கழுத்து வளைவு நீண்டு போயிருக்கும், இல்லையென்றால் தோள் தையல் ஒரு நூல் குறைந்திருக்கும். காலர் பாவம், அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். அதனால் தையலைப் பிரிக்க உட்காரும் முன் எதை அளந்து பார்க்க வேண்டும் என்பதை ஒவ்வொரு கோளாறிலும் முதலில் சொல்கிறேன்.

நான் மனதில் வைத்திருக்கும் சட்டை இது: நாலைந்து வயதுப் பையனுக்கு, காட்டன் பாப்ளினில், அரைக் கை, முன்னால் முழுக்கத் திறக்கும் முன்பட்டி (பட்டனும் காஜாவும் வரும் மடிப்பு), பின்னால் இரட்டை யோக் (தோளுக்குக் குறுக்கே வரும் துண்டு, வெளியே ஒன்று உள்ளே ஒன்று), பட்டி வைத்த காலர். மடிந்து விழும் துண்டைக் காலர் என்றும் கழுத்தைச் சுற்றி நிற்கும் துண்டைக் காலர் பட்டி என்றும் சொல்கிறேன். அளவெல்லாம் இஞ்சிலும் நூலிலும்தான். 8 நூல் 1 இஞ்ச்.

தைத்து முடித்தால் சட்டை மொத்தமாகவே சின்னதாக இருக்கிறது

இதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். மூன்றும் மெஷினில் உட்காருவதற்கு முன்பே நடந்து முடிந்தவை.

முதலில் பேட்டர்ன் தாளை எடுங்கள். பிடிஎஃப் பேட்டர்ன் என்றால் ஏதாவது ஒரு பக்கத்தில் சோதனைச் சதுரம் இருக்கும், அதன் அளவும் எழுதியிருக்கும். ஸ்கேல் வைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் இருந்து வரும் பேட்டர்ன்கள் பல லெட்டர் தாளுக்கு அமைத்தவை, அதாவது 8½ இஞ்ச் அகலம். நம் ஊரில் அச்செடுப்பது ஏ4 தாளில், அதன் அகலம் 8.27 இஞ்ச். அச்செடுப்பவர் பக்கத்துக்குள் அடங்கும்படி வைத்துவிட்டால் எல்லாத் துண்டும் சுமார் 97 சதவீதமாகச் சுருங்கிவிடும். 26 இஞ்ச் சுற்றளவில் அது முக்கால் இஞ்ச் இழப்பு. இதில் தொந்தரவு என்னவென்றால், கழுத்தும் காலர் பட்டியும் ஒரே விகிதத்தில் சுருங்குவதால் தைக்கும்போது எதுவும் இடிக்காது. பையனுக்குப் போட்டுப் பார்க்கும்போதுதான் விஷயம் தெரியும்.

அடுத்தது தையல் ஓரம். சிம்ப்ளிசிட்டி, மெக்கால்ஸ் போன்ற உறைப் பேட்டர்ன்களில் தையலுக்கு 5 நூல் ஓரம் வெட்டுக்கோட்டுக்குள்ளேயே சேர்ந்திருக்கும். பர்தா, ஓட்டோப்ரே பத்திரிகைகளோடு வரும் தாள்களில் சேர்ந்திருக்காது, நாமே விட வேண்டும். விடாமல் வெட்டி 3 நூலில் பக்கவாட்டுத் தையல் போட்டால், முன்னும் பின்னுமாக நாலு ஓரத்திலும் சேர்த்து ஒன்றரை இஞ்ச் போய்விடும்.

மூன்றாவது, நனைக்காத துணி. காட்டன் முதல் தண்ணீரில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்குவது சாதாரணம், அதுவும் நீளவாட்டில்தான் அதிகம். வெட்டுவதற்கு முன் ஒரு முறை துவைத்து, காய்ந்ததும் அயர்ன் செய்துவிட்டால் இந்தக் காரணத்தை மறந்துவிடலாம்.

ஏற்கெனவே தைத்தாகிவிட்டதா? 5 நூல் ஓரம் விட்ட பேட்டர்ன் என்றால் பக்கவாட்டுத் தையலைப் பிரித்து 2 நூலில் போடுங்கள், ஒன்றரை இஞ்ச் திரும்பக் கிடைக்கும். ஓரம் விடாமல் வெட்டியிருந்தால் தம்பிக்கு எடுத்து வைக்க வேண்டியதுதான்.

காலர் பட்டி கழுத்தைவிட நீளமாக இருக்கிறது, அல்லது எட்டவில்லை

இந்தச் சட்டையில் நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வெட்டின ஓரத்தை அளந்து ஒப்பிடக்கூடாது. கழுத்தின் வெட்டு ஓரம் தையல் கோட்டைவிட எப்போதும் குட்டை, ஏனென்றால் அது வளைவின் உட்பக்கம். டேப்பைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, தையல் வரப்போகும் கோட்டின் மேலேயே வளைத்து, முன்பட்டி ஓரத்தில் இருந்து அடுத்த முன்பட்டி ஓரம் வரை அளந்து பாருங்கள். பட்டியையும் அப்படியே, இரண்டு முனையின் தையல் ஓரத்தை விட்டுவிட்டு அளக்க வேண்டும். பாதிப் பேருக்கு இங்கேயே பிரச்சினை தீர்ந்துவிடும். பட்டி சரியாகத்தான் இருக்கும், கழுத்து ஓரத்தில் கட் (கத்தரியால் சின்னச் சின்ன வெட்டு) கொடுக்காததால் எட்டாத மாதிரி தெரிந்திருக்கும். அரை இஞ்சுக்கு ஒன்றாக, தையல் கோட்டுக்கு ஒரு நூல் முன்பே நிற்கும்படி கட் கொடுத்தால் கழுத்து நேராக விரிந்து பட்டியோடு படுத்துக்கொள்ளும்.

அளந்த பிறகும் கழுத்துதான் பெரியது என்றால், எவ்வளவு பெரியது என்று பாருங்கள். சரியாக அரை இஞ்சுக்குப் பக்கத்தில் வந்தால் சந்தேகம் தோள் தையல் மேல் போக வேண்டும். முன்பக்கத்தை யோக்கோடு சேர்க்கும் தையல் இடமும் வலமுமாகக் கழுத்தில் வந்து முடிகிறது. அங்கே ஒரு நூல் குறைவாகப் பிடித்திருந்தால் ஒரு தையலுக்கு இரண்டு ஓரம், ஓரத்துக்கு ஒரு நூல், இரண்டு தோளுக்கும் சேர்த்து 4 நூல். கழுத்தருகில் தோள் தையலைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டால் கணக்கு நேராகிவிடும். காலரைத் தொடவே வேண்டாம்.

தோள் தையல் சரியாக இருந்தும் கழுத்து பெரிதென்றால் துணி இழுபட்டிருக்கிறது. முன்கழுத்து வளைவில் ஒரு பகுதி கிராஸில்தான், அதாவது துணியின் நூலோட்டத்துக்குச் சாய்வாகத்தான் வெட்டுப்படுகிறது. தூக்கிப் பிடித்து நாலு தடவை போட்டுப் பார்த்தாலே அது நீளும். இதைத் தடுக்க வழி ஒன்றுதான்: வெட்டின கையோடு, துண்டை மேசையில் இருந்து எடுத்து அலையவிடுவதற்கு முன், தையல் கோட்டுக்கு ஒரு நூல் வெளியே, தோளில் இருந்து நடு முன்பக்கம் நோக்கி ஒற்றைத் தையல் ஓட்டிவிட வேண்டும். இழுபட்ட பிறகு என்றால், பேட்டர்ன் தாளின் மேல் கழுத்தை வைத்துப் பாருங்கள். அந்த வளைவுக்குள் அடங்கும்படி பெரிய தையல் ஒன்று ஓட்டி, நூலை மெதுவாக இழுத்து, ஆவியோடு அயர்ன் வைத்து அழுத்தினால் காட்டன் இரண்டு நூல் வரை திரும்பி வரும்.

பட்டி பெரிதாக, கழுத்து சின்னதாக இருந்தால் பட்டியை வெட்டாதீர்கள். வெட்டினால் காலரும் சேர்ந்து குறைய வேண்டும், அதன் முனைகளை மறுபடி தைக்க வேண்டும். கழுத்தை லேசாக இறக்குவது சுலபம். ஆனால் கத்தரியை வைக்கும் முன் கணக்குப் போடுங்கள்: கழுத்து ஏறக்குறைய வட்டம், அதைச் சுற்றிலும் அரை நூல் வெட்டினால் சுற்றளவு 3 நூல் கூடும், ஒரு நூல் வெட்டினால் முக்கால் இஞ்சே கூடிவிடும். கழுத்துத் தையலை 5 நூலுக்குப் பதில் 4 நூலில் போட்டுவிட்டு, பட்டி ஏன் மிஞ்சுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்வதும் இதே கணக்குதான்.

பட்டி முடியும் இடத்தில் முன்பட்டிக்கு மேல் படி மாதிரி நிற்கிறது

பட்டன் போட்டதும் நேராகக் கண்ணில் குத்தும் பிழை, இதைப் பிரித்தே ஆக வேண்டும். முழுப் பட்டியையும் பிரிக்கத் தேவையில்லை, முனையில் இருந்து ஒன்றரை இஞ்ச் போதும். பட்டியின் உள்ளே திரும்பிய தையல் ஓரங்கள் தடிமனாகக் குவிந்திருந்தால் அவற்றை ஒவ்வொன்றும் வெவ்வேறு அகலத்தில் இருக்கும்படி நறுக்குங்கள், வளைவில் ஒரு நூல் மட்டும் மிஞ்சட்டும். பிறகு பட்டியின் முனையை முன்பட்டியின் ஓரத்துக்கு நேராக, மயிரிழைகூட வெளியே போகாமல் வைத்துக் கையால் ஓட்டுத்தையல் போட்டுவிட்டு அப்புறம் மெஷினுக்குப் போங்கள். குண்டூசி இங்கே உதவாது, பிரஷர் ஃபுட் ஏறும்போது நகர்ந்துவிடும்.

இரண்டு முனையின் வளைவும் வேறு வேறாக வந்திருந்தால் ஒரு ரூபாய் நாணயத்தைத் துணியின் மேல் வைத்துப் பென்சிலால் வரைந்து அந்தக் கோட்டில் தையுங்கள். கண் அளவில் இரண்டு பக்கமும் ஒன்றாக வருவதெல்லாம் வருஷக்கணக்கில் தைத்த கைக்குத்தான்.

காலர் முனை: ஒன்று நீளம், ஒன்று மொட்டை, ஒன்றில் ஓட்டை

முனைகள் சமமாக இல்லை என்றால் காலரை நடுவில் மடித்துப் பாருங்கள். தைத்த கோடு வித்தியாசமா, திருப்பினது வித்தியாசமா என்பது அதிலேயே தெரியும். ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனை வரை ஒரே ஓட்டமாகத் தைத்தால் மேல் துணி நகர்ந்து, முடியும் முனையில் கூடுதலாக நிற்கும். நடுவில் இருந்து ஒவ்வொரு பக்கமாகத் தைத்தால் நகர்வு இரண்டு பக்கமும் சமமாகப் போய்விடும்.

மொட்டையாக இருந்தால் உள்ளே துணி அடைத்துக்கொண்டிருக்கிறது. முனையைக் குறுக்காக வெட்டி, பக்கவாட்டு ஓரங்களையும் முனை நோக்கிச் சரித்து வெட்டுங்கள். கூர்மையான முனையில் ஊசியை இறக்கி அப்படியே திருப்பாமல், குறுக்கே ஒரே ஒரு தையல் போட்டுத் திருப்பினால் துணி மடங்க இடம் கிடைக்கும். முனையைத் தள்ள கத்தரி நுனியை எடுத்தால் ஓட்டை நிச்சயம். ஊசியில் இரட்டை நூல் கோத்து, திருப்பும் முன் முனைத் தையலைச் சுற்றி வளைத்து வைத்துக்கொண்டு, திருப்பியதும் அந்த நூலை வெளியே இழுங்கள். முனை தானாக வந்து நிற்கும்.

ஓட்டை விழுந்துவிட்டதா? இரண்டு முனையையும் ஒரு நூல் உள்ளே தள்ளித் தைத்துவிடுங்கள். காலர் கொஞ்சம் குட்டையாகும், யாருக்கும் தெரியாது.

காலர் முனை மேல்நோக்கிச் சுருள்கிறது

மேல் துண்டும் அடித் துண்டும் ஒரே அளவில் வெட்டப்பட்டிருக்கின்றன. மடிந்து விழும்போது வெளியே இருக்கும் துணி கூடுதல் தூரம் போக வேண்டியிருக்கிறது. அடித் துண்டை மூன்று ஓரத்திலும் அரை நூல் குறைத்து வெட்டி, தைக்கும்போது ஓரங்களைச் சமமாகப் பிடித்தால் முனை உள்பக்கமாக வளைந்து படுக்கும். பட்டியில் சேர்க்காத காலர் என்றால் இன்னும் லேசான வழி இருக்கிறது. காலரை விரல் மேல் போட்டு அது விழ வேண்டிய விதத்தில் மடித்துப் பாருங்கள். திறந்திருக்கும் ஓரத்தில் அடித் துண்டு மேல் துண்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு வரும். அந்த நிலையிலேயே ஓட்டுத்தையல் போட்டு, நீட்டியதை வெட்டிவிடுங்கள். பட்டியில் சேர்த்து மேல்தையலும் போட்டு முடித்த காலருக்கு இதற்காகப் பிரிப்பது வீண் வேலை, அயர்ன் செய்யும்போது அடிப்பக்கத்தில் இருந்து அழுத்திக்கொண்டால் சமாளிக்கலாம்.

துவைத்ததும் காலரில் கொப்புளம்

ஒட்டும் கேன்வாஸ் (காலர் விறைப்பாக நிற்க உள்ளே ஒட்டும் துணி) சரியாக ஒட்டவில்லை, அல்லது துணியும் கேன்வாஸும் வேறு வேறு அளவில் சுருங்கின. ஒட்டும்போது அயர்னைத் தேய்த்துக்கொண்டே போவது பெரும்பாலோர் கைப்பழக்கம். தேய்த்தால் பசை உருகும், ஆனால் கேன்வாஸ் நகரும். ஒரு இடத்தில் வைத்து அழுத்தி, பத்துப் பதினைந்து எண்ணி, தூக்கி அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். முழுக்க ஆறும்வரை துண்டை அசைக்கக்கூடாது, பசை பிடிப்பது சூட்டில் இல்லை, ஆறும்போதுதான்.

கொப்புளம் சின்னதாக இருந்தால் ஈரத்துணி போட்டு மறுபடி அழுத்திப் பாருங்கள், சில நேரம் பிடிக்கும். பெரிதாக இருந்தால் புதுக் காலர்தான். பெரிய ஆள் சட்டைக்கு வைக்கிற விறைப்பான கேன்வாஸைக் குழந்தைச் சட்டைக்கு வைக்காதீர்கள். கழுத்தில் குத்துகிறது என்று பையன் முதல் நாளே கழற்றி எறிவான்.

பின்னால் காலருக்குக் கீழே கழுத்துத் தையல் தெரிகிறது

காலரின் உயரம் பட்டியின் உயரத்தைவிடக் குறைந்தது 3 நூலாவது அதிகமாக இருக்க வேண்டும். பட்டி முடிந்த நிலையில் ஒரு இஞ்ச் என்றால் காலர் ஒன்றரை வரை போகலாம். பேட்டர்னில் சரியாக இருந்தும் தெரிகிறது என்றால், காலரைச் சேர்க்கும்போது தையல் ஓரத்தை அதிகமாகத் தின்றிருக்கிறீர்கள்.

கை சேர்த்த இடத்தில் சுருக்கம்

கையைப் பிரிக்கும் முன் இரண்டையும் பாருங்கள். ஒன்று, வலது கை இடது பக்கம் போயிருக்கிறதா. பேட்டர்னில் ஒற்றை நாட்ச் (துண்டுகளைப் பொருத்த ஓரத்தில் இருக்கும் குறி) முன்பக்கம், இரட்டை நாட்ச் பின்பக்கம். கை வளைவின் முன்பக்கம் அதிகமாகக் குடைந்திருக்கும். மாறியிருந்தால் எவ்வளவு சமாளித்தாலும் முன்னால் மடிப்பு விழும். மற்றொன்று, தையல் கோட்டில் கையின் வளைவு கைக்குழியைவிட எவ்வளவு அதிகம். சட்டைக் கைக்கு மொத்தத்தில் 2 முதல் 4 நூல் அதிகம் இருந்தால் போதும். ஒரு இஞ்ச் வந்தால் உங்கள் கைத்திறனில் குறை இல்லை, துண்டில் குறை. வளைவின் உச்சியில் 2 நூல் குறைத்து, நாட்ச் வரும்போது ஒன்றுமில்லாமல் சரித்து வெட்டுங்கள்.

குழந்தையின் கைக்குழி சின்னது, பக்கவாட்டைத் தைத்து முடித்துவிட்டு அந்த வட்டத்துக்குள் கையைச் சேர்ப்பது வீண் சிரமம். பக்கவாட்டைத் திறந்தே வைத்து, தட்டையாகக் கையைச் சேர்த்துவிட்டு, பிறகு கை அடியில் இருந்து சட்டை அடிவரை ஒரே தையலாக இறங்குங்கள். சேர்க்கும்போது கை அடியில், சட்டை மேலே. மெஷின் பல் அடித்துணியைக் கொஞ்சம் வேகமாகத் தள்ளும், மிச்சமிருக்கும் துணியை அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் மடிப்பு விழுந்திருந்தால் அந்த இரண்டு இஞ்சைப் பிரித்துத் தைத்தால் போதும். கைக்கு அடியில் இருக்கும் மடிப்பை விட்டுவிடுங்கள், யார் பார்க்கப் போகிறார்கள்.

யோக்கைச் சுருட்டித் தைத்தேன், திருப்ப வரவில்லை

இரண்டு யோக்குக்கும் நடுவே சட்டை உடம்பைச் சுருட்டி வைத்து, முன் தோளைத் தைத்து, கழுத்து வழியாக வெளியே இழுக்கும் முறை இது. வரவில்லை என்றால் சுருளின் ஓரம் எங்கோ தையலில் மாட்டியிருக்கிறது. வெளியே இருந்து விரலால் தடவினால் தடித்த இடம் தெரியும், அங்கே மட்டும் பிரியுங்கள். வெளியே வந்தும் யோக் முறுக்கிக்கொண்டு நிற்கிறது என்றால் உள் யோக்கின் நல்ல பக்கம் தவறான திசையில் போயிருக்கிறது, அதைப் பிரித்தே ஆக வேண்டும்.

அடியில் ஒரு முன்பக்கம் நீளமாகத் தொங்குகிறது

மடித்து அடித்த ஓரத்தை உடனே வெட்டிச் சமப்படுத்தத் தோன்றும். வேண்டாம். எல்லாப் பட்டனுக்கும் நேராகக் குண்டூசி குத்தி, மேலே பட்டி முனைகள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழுகிறதா என்று பாருங்கள். மேலேயே வித்தியாசம் இருந்தால் கீழே வெட்டி என்ன பயன், கட்டம் போட்ட துணியில் கட்டம் எல்லாம் படியாக நிற்கும். மேலே சரியாக இருந்து கீழே மட்டும் ஒரு நூல், இரண்டு நூல் என்றால் முன்பட்டி மடித்துத் தைக்கும்போது நீண்டது. அடி ஓரம் மடிக்கும் முன்பே இரண்டு முன்பக்கத்தையும் ஒன்றாக அடுக்கிப் பார்க்கிற பழக்கம் இருந்தால் இது வெட்டினாலே போகிற விஷயம்.

அடி ஓரம் வளைவில் முறுக்கிக்கொள்வது தனி. வளைவில் அகலமான மடிப்பு உட்காராது. 2 நூல் அகலத்துக்கு மேல் போகாதீர்கள். முதல் மடிப்பை அயர்ன் வைத்து அழுத்தின பிறகே இரண்டாவது.

தையலுக்கு அடியில் நூல் கூடு கட்டுகிறது

பாபின் கேஸ் திருகைத் திருப்பாதீர்கள். அடியில் நூல் குவிந்தால் பெரும்பாலும் மேல் நூல்தான் டென்ஷன் தட்டுக்குள் உட்காரவில்லை. பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி கோத்துப் பாருங்கள், தட்டு அப்போதுதான் திறந்திருக்கும். தையல் நேராக வந்தும் துணி சுருங்கினால் ஊசி தடிமன். பாப்ளினுக்கு 11 அல்லது 14 ஆம் எண் போதும், இஞ்சுக்கு 10 முதல் 12 தையல்.

காஜா பிசிறுகிறது, பட்டன் கழன்று வருகிறது, முன்பக்கம் வாய் பிளக்கிறது

காஜாவை, அதாவது பட்டன் துளையை, வீட்டிலேயே எடுத்தாலும் கடையில் கொடுத்தாலும், அதே துணி, அதே கேன்வாஸ், அதே மடிப்பு வைத்த ஒரு துண்டில் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும். முன்பட்டிக்குள் கேன்வாஸ் இல்லை என்றால் பிசிறு வராமல் இருக்காது. வீட்டு மெஷினில் எடுத்த காஜாவை வெட்டும்போது இரண்டு முனையிலும் குறுக்கே குண்டூசி குத்திவிடுங்கள், கத்தி முனைத் தையலைத் தாண்டாது. தாண்டி வெட்டிவிட்டால் கையால் காஜா தையல் போட்டு அடைக்கலாம், உறுதியாகவே நிற்கும்.

பட்டன் தானாகக் கழன்று வந்தால் காஜா பெரிது. பட்டனின் விட்டமும் தடிமனும் சேர்ந்ததே காஜாவின் நீளம். குழந்தைச் சட்டைக்குப் போடும் 18 லைன் பட்டன் சுமார் 11½ மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் தடிமன் சேர்த்தால் பதின்மூன்றரை, அவ்வளவுதான். பையன் சட்டைக்கு காஜா இடது பக்கம், பட்டன் வலது பக்கம். கடையில் கொடுக்கும்போது இதைச் சாக்பீஸால் குறித்தே கொடுங்கள், அங்கே மெஷின் தைத்த கையோடு வெட்டியும்விடும்.

காலர் பட்டியில் காஜா படுக்கையாக, முன்பட்டியில் நின்றவாக்கில். படுத்த காஜாவில் பட்டன் முன் ஓரத்தை ஒட்டிய முனைக்குப் போய் நிற்கும், அதனால் பட்டனை அந்த முனைக்கு நேராகத் தையுங்கள். காஜாவின் நடுவுக்கு நேராகத் தைத்தால் கழுத்து விலகிக்கொண்டே இருக்கும். முன்பக்கம் மார்பில் வாய் பிளந்தால் பட்டன் இடைவெளியை அளந்து பார்க்காமல், மார்பு அதிகம் இழுக்கும் கோட்டில் ஒரு பட்டன் விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால் இரண்டாவது பட்டனை அங்கே வைத்துக்கொண்டு, மற்றவற்றை அதிலிருந்து கணக்கிட்டுக் குறியுங்கள். காஜா எடுத்தாகிவிட்டது என்றால் அந்த இடத்தில் உள்பக்கம் ஒரு டிச் பட்டன் வைத்துவிடலாம்.